முப்பத்தேழாம் இலக்கப் பெட்டி

விமானம் பறப்பதற்கு இறக்கை வேண்டும், எஞ்சின் வேண்டும் என்று மனித குலம் நூறு வருடத்துக்கு மேலாக நம்பி ஏமாந்துகொண்டிருக்கிறது. இந்த மூடநம்பிக்கையை ஒழித்த பெருமை டென்மார்க்கில், ஸ்கீவ என்ற சின்ன நகரத்தில், சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மன்னார் யேசுரட்ணத்தையே சேரும். விமானத்துக்கு வேண்டியது ஒழுங்கு. மற்றதெல்லாம் உதிரிப்பாகம்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய மாட்டுக் கொட்டிலை வாடகைக்கு எடுத்து, பதினொரு வருடமாக அவர் இரண்டு பேர் இருக்கக்கூடிய விமானம் ஒன்றைத் தன் கையால் கட்டிக்கொண்டிருந்தார். முதல் எட்டு வருடம் ஒழுங்கே இல்லாமல் கண்டபடி வேலை செய்ததால் விமானம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வால் வந்தது. வயிறு வந்தது. எஞ்சின் ஒருநாள் இருமிக்கொண்டு ஓடியது; பக்கத்துக் காணி மாடுகள் ஒரு கிழமை பால் குறைத்தன. இப்படியே விட்டிருந்தால் ஒன்பதாம் வருடம் பறந்தே தொலைத்திருப்பார். நல்ல காலம், தொழிற்சாலை அவரை மூன்று நாள் முகாமைத்துவ வகுப்பு ஒன்றுக்கு அனுப்பியது.

அங்கே அவருக்கு இரண்டு ஞானங்கள் கிடைத்தன. ஒன்று, மஞ்சள் ஒட்டுத்தாள். மற்றது 'தவ்லமூடெ'. வெள்ளைப் பலகைக்கு முன்னால் எல்லாரும் நின்றபடியே நடத்தும் கூட்டத்துக்கு டெனிஷ்காரர் வைத்த பெயர் அது. இருந்தால் கதை நீண்டுவிடுமாம். அவர்கள் அதைப் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். யேசுரட்ணம் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் நிற்பாட்டுவார்.

சனிக்கிழமை தோறும் கொட்டிலில் கூட்டம். உறுப்பினர் மூன்று பேர். தலைவர், யேசுரட்ணம். செயலாளர், மனைவி விக்ரோரியா. 'தொழில்நுட்பம்', நண்பர் தவராஜா. தவராஜா காற்றாலைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் போல்ட்டு இறுக்குகிறவர். அதனால் கொட்டிலில் அவரை எதையும் தொட விடுவதில்லை.

பலகையில் முதலாம் இலக்கம் இதுதான்: 'ஜூன் 14, முப்பதாவது திருமண நாள். விக்ரோரியாவை சம்ஸோ தீவுக்குக் கொண்டுபோதல். பொறுப்பாளர்: யேசுரட்ணம்.'

விக்ரோரியாவுக்கு விமான ஆசை இல்லை. அவளுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை, அவருக்குக் காலை வேலை. வாசலில் கார்த் திறப்பைக் கைமாற்றிக்கொள்வதுதான் அவர்களுடைய இல்லறம். மேலே, ரெலிபோன் எட்டாத உயரத்தில், புருசனுக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருக்கவேண்டும். இறங்கி, அந்தத் தீவின் புது உருளைக்கிழங்கை அவித்துச் சாப்பிடவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மே மாதத்துக் கூட்டமொன்றில் அவள் வாய் திறந்தாள். "இஞ்சாருங்கோ, இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு. பிளேன் முடியுமோ?"

"அது நிகழ்ச்சிநிரலில இல்லை. 'ஏனைய விடயங்கள்' வரேக்கை கேளும்."

"அது எப்ப வரும்?"

"நேரம் மிஞ்சினா வரும்."

தவராஜாவுக்குக் கால் உளைந்தது. "அண்ணை, இறக்கை பூட்ட இருபத்திநாலு போல்ட்டுத்தானே மிச்சம்? நான் பிடிக்கிறன், நீங்கள் இறுக்குங்கோ. மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி முடிஞ்சிடும்."

"எந்தப் போல்ட்டு?"

"உந்தா, என்ரை கையில கிடக்கு."

"கையில கிடந்தா பதிவில இல்லை எண்டு அர்த்தம், தவராஜா. பதிவில இல்லாத போல்ட்டு போல்ட்டே இல்லை."

அந்தக் கிழமையே லேபல் அடிக்கும் மெசின் ஒன்று வந்தது. கொட்டிலில் இருந்த ஆணி, போல்ட்டு, வளையம் எல்லாம் வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டிகளுக்குள் போய், இலக்கம் பெற்றன. இருபத்திநாலு போல்ட்டுக்கும் முப்பத்தேழாம் இலக்கம். கொட்டில் முடிந்ததும் மெசின் வீட்டுக்கு வந்தது. டென்மார்க்கில் எந்தத் தமிழ் வீட்டு ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ளும் ஐஸ்கிறீம் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. விக்ரோரியா மூடியைத் திறந்து பார்ப்பாள், மீனா இறைச்சியா என்று கண்டுகொள்வாள், மூடுவாள். இருபத்தைந்து வருடத்தில் ஒருநாளும் பிழைத்ததில்லை. இந்தக் காட்டுமிராண்டித்தனத்தைக் கண்டு யேசுரட்ணம் மனம் நொந்தார்.

"திறந்து பாக்கிறதும் ஒரு முறையே? இனி இலக்கத்தை நம்பும்."

சமையலறைப் பெட்டிகளுக்கும் ஒன்றிலிருந்து நாற்பது வரை ஒட்டினார். விக்ரோரியா புருசன் சொல்லை நம்பினாள்.

ஜூன் பதின்மூன்று, அந்தோனியார் திருநாள். கோவில் மண்டபத்துச் சாப்பாட்டுக்கு, மிளகாய் இடித்துச் செய்யும் கட்டாச் சம்பல் அவளுடைய பொறுப்பு. அதே நாள் காலை பத்து மணிக்கு விமானத்தின் கடைசிப் பரிசோதனை. திட்டப்படி ஒன்பதுக்கு இறக்கை பூட்டுதல். முதல்நாள் 'இறுதி எண்ணிக்கை'க்காகப் போல்ட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்திருந்தார் யேசுரட்ணம். பக்கத்திலேயே சமையலறையின் முப்பத்தேழாம் பெட்டி, சம்பலோடு. காலையில் முப்பத்தேழாம் இலக்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். அவளும் முப்பத்தேழாம் இலக்கத்தை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள். இரண்டு பேருமே மூடியைத் திறக்கவில்லை. ஒழுங்கு அப்படி.

ஒன்பது மணிக்குத் தவராஜா திறந்தார். செக்கச்செவேலென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து ரெலிபோன். மண்டபத்தில் சமையல் பார்க்கும் லூர்தம்மா. "தம்பி, விக்ரோரியா கொண்டந்த சம்பல் கடிபடுதில்லை!"

"எட்டு நிமிச ஓட்டம், அண்ணை," தவராஜா காரைக் கிளப்பியே விட்டார். "ஏறுங்கோ, எடுத்துக்கொண்டு வருவம்!"

"பொறும். இது திட்டத்திலயிருந்து ஒரு 'விலகல்'. விலகல் நடந்தால் முதலில படிவம். படிவம் நிரப்பாமல் ஒருத்தரும் அசையக்கூடாது."

படிவம் ஐந்து பக்கம், அவரே தயாரித்தது. நாலாம் கேள்வி: விலகலின் தன்மை? 'சிவப்பு. உறைப்பு.' ஒன்பதாம் கேள்வி: அடிப்படைக் காரணம்? யேசுரட்ணம் வெகுநேரம் யோசித்து, 'மனைவி' என்று எழுதினார்.

பரிசோதகர் பிரேபன் வந்தார். மரியாதை தெரிந்த டெனிஷ்காரர். மேசையில் இருந்ததை விருந்து என்று நினைத்து ஒரு கரண்டி வாயில் போட்டு, மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, யேசுரட்ணம் நீட்டிய பதினெட்டுக் கோப்புகளையும் புரட்டினார்.

"இவ்வளவு ஒழுங்கான விமானத்தை நான் கண்டதே இல்லை," என்றார். "இறக்கை எங்கே?"

"ஆறாம் கோப்பில்," என்றார் யேசுரட்ணம்.

பிரேபன் விமானத்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். இனிக் கோடை விடுமுறை, செப்டெம்பரில் சந்திப்போம் என்று சொல்லிப் பதினொரு மணிக்குப் போய்விட்டார்.

ஐந்து நிமிடத்தில், பூசை முடிந்த கையோடு, திருநாள் சேலையில் விக்ரோரியா ஓடிவந்தாள். போல்ட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி. "கொண்டந்திட்டன்! பரிசோதிக்கிற ஆள் எங்கை? இப்பவும் பூட்டலாமே?"

"இதில முதல் ஒரு கையெழுத்து வையும்," என்றார் தலைவர்.

அவள் வாசித்தாள். ஒன்பதாம் கேள்வியில் கொஞ்சநேரம் நின்றாள். கையெழுத்து வைத்தாள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். யேசுரட்ணம் படிவத்தைக் கோப்பில் போட்டார்.

மறுநாள், ஜூன் பதினாலு. இரண்டு மணிக்கு 'அவசரக் கூட்டம்'. செயலாளரைக் காணவில்லை. இரண்டேகாலுக்குத் தலைவரின் ரெலிபோனுக்கு ஒரு படம் வந்தது. கடல் தெரிந்தது. நீலக் கோட்டோடு விக்ரோரியா சிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பை உருளைக்கிழங்கு. கீழே எழுதியிருந்தாள்:

'சம்ஸோவுக்கு வந்திட்டன். ஓகூஸ் ரவுண் வரைக்கும் ரெயின். பிறகு கப்பல் ஒரு மணித்தியாலம்தான். பக்கத்து சீற் காலியாக் கிடந்தது.'

தவராஜா எட்டிப் பார்த்தார். "அண்ணை, பின்னேரமும் கப்பல் கிடக்கு. கார் வெளியில நிக்குது. தயவுசெய்து ஏறுங்கோ."

யேசுரட்ணத்தின் கண் கலங்கியது உண்மை. ஆனால் கண்ணீருக்குப் பலகையில் கட்டம் இல்லை. அவர் பலகையடிக்குப் போய், முதலாம் இலக்க ஒட்டுத்தாளை மெதுவாக உரித்து, 'முடிந்தவை' என்ற பக்கத்தில் ஒட்டினார். குறித்த நாளில். ஒருநாள்கூடப் பிந்தாமல்.

அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்கள் இருக்கின்றன. எல்லாம் பட்டியல் போட்டது, பட்டியலைத் திருத்தியது, லேபல் ஒட்டியது. உண்மையாகவே நடந்து முடிந்த வேலை இது ஒன்றுதான். அதைச் செய்து முடித்தவள் விக்ரோரியா. பொறுப்பாளர் என்ற இடத்தில் இன்றைக்கும் யேசுரட்ணத்தின் பெயர்தான் இருக்கிறது.