வெயிலில் ஓடிய வைப்பர்

மனித குலத்தின் மாபெரும் முன்னேற்றங்கள் அனைத்தும் அறிவுத் தாகத்தால் விளைந்தவை என்று கள்ளக்குறிச்சி உரக்கடை தமிழ்வேந்தன் வணிகர் சங்க ஆண்டு விழாவில் முழங்கியிருக்கிறார். அவருடைய டீசல் அம்பாசடருக்குப் பெட்ரோல் இஞ்சின் மாற்றப்பட்டது மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அது சகலை செழியன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட பதினெட்டு விநாடி வீடியோவால் விளைந்தது.

வீடியோவில் பெரிதாக ஒன்றுமில்லை. கச்சிராயபாளையத்துக்கு மேலே மலைப்பாதை. வளைவில் செழியனின் வெள்ளை அம்பாசடர் தோன்றுகிறது, இறங்குகிறது, போகிறது. சத்தமே இல்லை. பின்னணியில் ஏதோ ஒரு குருவி கத்துவதுகூடக் கேட்கிறது. கீழே ஒரு வரி: 'எலக்ட்ரானிக் இக்னிஷன். பழைய வண்டி, புது உயிர்.'

மாமனார் பூமாலை அதற்கு ஐந்து கைகூப்பு போட்டிருந்தார். தமிழ்வேந்தன் சங்கத்தின் துணைச் செயலாளர் (பொறுப்பு) ஆனபோது ஒன்றுதான் போட்டார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் களமருதூரிலிருந்து மாமனாரே போன் செய்தார்.

"மாப்ள, வைகாசில நம்ம பையன் ஜெயப்பிரகாஷ் கல்யாணம். குலதெய்வத்துக்குப் படையல் போட்டுட்டு, மலைக் கோயில்லேருந்து கீழ மண்டபத்துக்குப் புள்ளய கார்ல கூட்டிக்கினு வரணும். மொறைப்படி பெரிய மாப்ள உங்க வண்டிதான்."

"அது என் கடம மாமா."

"ஆனா உங்க டீசல் சத்தத்துல நாயனம் கேக்காதே. சின்னவரு வண்டி பாருங்க, பூன மாரி வருது. எதுக்கும் அன்னிக்குப் பாத்துக்கலாம்."

'பாத்துக்கலாம்' என்ற அந்தச் சொல் தமிழ்வேந்தனின் நெஞ்சில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

அடுத்த வாரமே புரோக்கர் ஒருவர் பெட்ரோல் இஞ்சின் ஒன்றைக் குட்டியானையில் கொண்டுவந்து, ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருசப்பனின் பட்டறையில் இறக்கினார். "நல்ல வூட்டு இஞ்சினுங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

இருசப்பன் அதைச் சுற்றிவந்து பார்த்தார். ஆயில் ஊற்றும் வாயில், மூடிக்குப் பதிலாக ஓர் எவர்சில்வர் டப்பா மூடி அழுக்கும் கிரீஸுமாக அப்பிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, ஆயில் மூடி தொலஞ்சிருக்குது. எவனோ சமையக்கட்டுலேருந்து எடுத்தாந்து அடிச்சி வச்சிருக்கான்."

"எவன்யா அவன் அன்னக்காவடி?" என்று தமிழ்வேந்தன் சிரித்தார். "ஒரு மூடி வாங்க வக்கில்ல, இவனுக்கெல்லாம் காரு!"

"கச்சிதமாத்தான் இருக்குது, அப்டியே கெடக்கட்டும்" என்றார் இருசப்பன்.

இஞ்சின் ஏறியது. ஓடவும் செய்தது. ஆனால் வீடியோவைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் இது இஞ்சினாகவே கேட்டது.

"இன்னாய்யா இது? அதுல சத்தமே இல்ல, இது இருமிக்கினு இருக்குது."

இருசப்பன் வீடியோவை மூன்று முறை பார்த்தார். "நானும் முப்பது வருசமா வேல செய்றேன். இப்டி ஒரு இஞ்சின நான் பாத்ததே இல்லீங்க."

"எல்லாம் எலக்ட்ரானிக் இக்னிஷன். அதப் போடு."

"அதுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லீங்க. உள்ள பொறி தர்ற பாயிண்ட்ட எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு சின்னப் பொட்டிய வக்கிறது, அவ்ளோதான். இந்தப் பாயிண்ட்டே நல்லாத்தான் இருக்குது."

"என் சகல வண்டில இருக்குதுய்யா!"

இதற்கு மேல் பொறியியல் பேச இடமில்லை. சென்னையிலிருந்து பார்சல் வந்தது. உள்ளங்கை அளவு பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர். சிவப்பு இக்னிஷன் காயிலின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸ்ஸுக்கு. மாட்டிச் சாவியைத் திருகியதும் இஞ்சின் பிடித்தது. சாவியிலிருந்து கையை எடுத்ததும் அணைந்தது.

"பழைய லைன்ல கரண்ட்டு கம்மியா வருதுங்க. பொட்டிக்கு முழு பன்னெண்டு வோல்ட்டு வேணும். தனி லைன் இழுக்கணும்."

இழுத்தார். இப்போது வண்டி சாவி தொட்டதும் பிடித்தது. தமிழ்வேந்தன் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் கடை வாசலில் நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தமிழ்வேந்தன் ஒரு கணம்தான் தடுமாறினார். உடனே போனை எடுத்து, கையில் சாவியையும் ஓடும் இஞ்சினையும் சேர்த்து வீடியோ பிடித்துக் குழுவில் போட்டார். 'சில வண்டிக்கு ஓட சாவி வேணும். நம்ம வண்டிக்குத் தேவையில்லை.'

செழியனிடமிருந்து பதில் வந்தது: 'சூப்பர் சகலை. எப்படி நிறுத்துவீங்க?'

வண்டியை நாலாவது கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளச்சை விட்டு, குலுக்கிக் கொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் மனைவி கோகிலவாணியின் தலை முன்கண்ணாடியை விசாரித்துவிட்டு வந்தது.

"சாவிய எடுத்தாலும் சார்ஜ் லைட்டு வழியா கரண்ட்டு திரும்பி வருதுங்க. ஒரு டையோடு போட்டா நின்னுடும். திங்கக்கெழம வாங்கிக்கினு வந்து போட்டுர்றேன்" என்றார் இருசப்பன்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச், அவ்வளவுதானே? இதற்கு எதற்கு இருசப்பன்? சனிக்கிழமை மாலை, பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, தமிழ்வேந்தனே களத்தில் இறங்கினார். இருசப்பன் இழுத்த லைனைப் பிடுங்கினார். வண்டியில் ஒழுங்காக வேலை செய்த சுவிட்ச் வைப்பர் சுவிட்ச் ஒன்றுதான். சிவப்பு ஒயரைக் கொண்டுபோய் வைப்பருக்குப் போகும் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றினார். வைப்பரைப் போட்டால் இஞ்சினுக்கும் கரண்ட். வைப்பரை அணைத்தால் இஞ்சினும் அணைந்தது.

"அப்போ வண்டி ஓடறவரிக்கும் வைப்பரு ஆடிக்கினே இருக்குமா?" என்றாள் கோகிலவாணி.

"ஆடினா இன்னா?"

"வைகாசி வெயிலுங்க."

"கண்ணாடி சுத்தமா இருக்கும்டி."

ஞாயிறு காலை, ஒரு மேகம்கூட இல்லாத வானத்தின் கீழ், வறண்ட கண்ணாடியைக் கீச்சு கீச்சென்று பிறாண்டியபடி அந்த அம்பாசடர் மலைப்பாதையில் ஏறியது. வைப்பர் ஒவ்வொரு முறை புரளும்போதும் இஞ்சின் ஒரு மூச்சை விழுங்கிக் கொண்டது.

கோயிலடியில் செழியனின் வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. மல்லிகைச் சரமெல்லாம் சுற்றி, மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி. பக்கத்தில் அவனுடைய டிராக்டர் வேறு, சீர்த்தட்டுகளை ஏற்ற.

'காரும் போதாதென்று துணைக்கு டிராக்டரா? விடியறதுக்கு முன்னாடியே வந்து எடம் பிடிச்சிருக்கான் பார்' என்று தமிழ்வேந்தனுக்கு வயிறு எரிந்தது.

"சகல, பானட்டத் தொறங்க. உங்க இக்னிஷன ஒரு தபா பாத்துக்கறேன்."

செழியன் பதறிப்போய் பானட் மேல் உட்கார்ந்தான். "வேணாம் சகல. நாலு பேரு கூடற எடம், கண்ணு பட்டுடும்."

தமிழ்வேந்தன் வற்புறுத்தவில்லை. அவன் இடத்தில் தான் இருந்தாலும் காட்டியிருக்க மாட்டார்.

படையல் முடிந்தது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பூமாலை இரண்டு வண்டிகளையும் பார்த்தார். கோகிலவாணி அப்பாவை முறைத்தாள்.

"மொறைன்னு ஒண்ணு இருக்குது. பெரியவரு வண்டியே போவட்டும்" என்றார் அவர்.

தமிழ்வேந்தனின் மீசை அரை அங்குலம் உயர்ந்தது. மாலையும் கழுத்துமாக ஜெயப்பிரகாஷ் பின்னால் ஏற, பூமாலை முன்னால் உட்கார்ந்தார். வைப்பர் ஆடியது. இஞ்சின் பிடித்தது. வழியனுப்பத் தூவிய பூவையெல்லாம் வைப்பர் இருபக்கமும் வாரித் தள்ளியது.

"இன்னா மாப்ள, வெயில்ல வைப்பரு?"

"மலைல பனி மாமா."

"மணி ஒம்போதர ஆவுது!"

"நம்ம கண்ணுக்குத் தெரியாது மாமா."

இருபது கெஜம் போயிருப்பார்கள். கீச்சு கீச்சு. மாமனாருக்குப் பல் கூசியது. "மறந்துட்டீங்க போல" என்று அன்போடு கையை நீட்டி, வைப்பரை அணைத்தார்.

டப்!

புகைபோக்கியிலிருந்து வந்த அந்த ஓசைக்கு நாயனக்காரர் நாயனத்தைக் கீழே போட்டார். இஞ்சின் அடங்கியது. வண்டி மட்டும் இறக்கத்தில், யாருக்கும் நோகாமல், பூப்போல உருண்டுகொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் மண்டபத்து வாசலில் போய்த்தான் நின்றிருக்கும். அவமானத்தில் தமிழ்வேந்தன் பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

மறுபடி வைப்பரைப் போட்டார். வைப்பரும் அசையவில்லை. ஃபியூஸ் போயிருந்தது.

"நேரமாவுது மாப்ள, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று பூமாலை இறங்கினார். ஜெயப்பிரகாஷும் மாலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மச்சான் முகத்தைப் பார்க்காமல் மேலே நடந்தான்.

இரண்டு நிமிடத்தில் வெள்ளை அம்பாசடர் அவர்களை ஏற்றிக்கொண்டு தமிழ்வேந்தனைக் கடந்து இறங்கியது. சத்தமே இல்லை. குருவி கத்துவதுகூடக் கேட்டது. செழியன் ஜன்னல் வழியே, "பாத்து வாங்க சகல" என்றான். ஹாரன்கூட மெதுவாகத்தான் அடித்தான்.

தமிழ்வேந்தன் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இஞ்சினை முறைத்தார். கோகிலவாணி குடையோடு வந்து, அவருக்கு மட்டும் நிழல் விழாதபடி நின்றாள்.

"ரெண்டும் ஒரே கம்பேனி, ஒரே மாடலு. அதுல மட்டும் எப்டி? அந்த இஞ்சினு எனக்குக் கெடச்சிருக்கணும்டி. அவன் அதிஷ்டம்!" என்று பொருமினார்.

சீர்த்தட்டுகளோடு டிராக்டர் இறங்கி வந்து நின்றது. கோகிலவாணியின் தங்கை, செழியனின் மனைவி சுபஸ்ரீ மேலேயிருந்து குதித்தாள்.

"மாமா, ஏறிக்குங்க. நாங்க எப்பிடியும் அவரு வண்டி பின்னாடியேதான் போவணும், கீழ போனா கட்டி இழுக்கறதுக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை திறந்திருந்த பானட்டுக்குள் போனது. குனிந்தாள். பட்டுப் புடவை என்றும் பாராமல் முந்தானையால் அந்த எவர்சில்வர் மூடியைத் துடைத்தாள். கிரீஸுக்கு அடியிலிருந்து, புள்ளி புள்ளியாக வெட்டிய அவள் பெயர் வந்தது.

"அய்யே, எங்க வூட்டு பருப்பு டப்பா மூடி! எங்க இஞ்சின அவரு புரோக்கருகிட்ட வித்தப்ப இதுவும் கூடவே போயிடுச்சு மாமா. அன்னிலேருந்து அவரு எறக்கத்துல மட்டுந்தான் வண்டி ஓட்றாரு, நான் டப்பாவத் தட்டு வச்சி மூடிக்கினு இருக்கேன்."