பிள்ளையார் திரும்ப மறுத்த மதில்

கடலூர் முழுவதிலும் நடக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் வெறுமனே போய்வந்தவர்கள். அவர்தான் எங்கள் ரவுண்டு மாமா. பிறந்தது சிதம்பரத்தில், புறப்பட்ட இடத்துக்கே தேர் சுற்றி வந்து சேரும் நான்கு வீதிகளுக்கு நடுவில். ஆகவே, எங்கே போனாலும் வந்த வழியே திரும்புவதைத் தமக்கு நேர்ந்த அவமானமாகவே கருதினார்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டுகளில் ஊர் கடலை விட்டு மேற்கே ஓடியது. முந்திரித் தோப்புகளெல்லாம் ‘நகர்’ ஆயின. நகருக்கு ஒரு பெயர் வளைவு, ஒரே வாசல், மறுமுனையில் மதில். அப்படியொரு நகரில் எங்களோடு குடியேறிய மாமா, பால் வாங்கப் போனால் முள்வேலி தாண்டித்தான் வீடு திரும்புவார். வேட்டி கிழிந்திருக்கும், பால் சிந்தியிருக்காது.

என் மனைவிக்கு இதய நோய். மருத்துவமனை மதிலுக்கு அப்பால், பக்கத்து நகரில். அதன் ஜெனரேட்டர் சத்தம் எங்கள் சமையலறையில் கேட்கும். போவதற்கோ பைபாஸ் வரை சுற்ற வேண்டும். ஒருமுறை மூச்சுத் திணறலோடு அவளை ஏற்றிச் சென்ற ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது. பிழைத்து வந்தவளை நலம் விசாரித்த கையோடு, மதிலைத் திறக்கச் சொல்லிப் பக்கத்து நகரின் நலச்சங்கத் தலைவரிடம் போனார் மாமா. திறந்தால் திருடன் வருவான் என்றார் தலைவர்.

“திருடன் ஏறிக் குதிச்சு வந்துடுவான் சார். நோயாளிதான் வர முடியாது.”

தலைவர் அசையவில்லை.

அந்த ஆண்டு பிள்ளையார் சதுர்த்தி ஊர்வலப் பொறுப்பை மாமா வலியப் பெற்றார். நாதஸ்வரம் முழங்க, சப்பரம் நேரே மதிலில் வந்து முட்டி நின்றது. அப்பால் நாற்காலி போட்டு ஏறியவர்களின் தலைகள் மதிலுக்கு மேல் முளைத்தன.

“சப்பரத்த திருப்பிக்கினு போங்க சார்” என்றார் தலைவர்.

“சாமி வந்த வழியே திரும்பாது. நிக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

நாதஸ்வரக்காரர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் வாசித்து முடித்து முதலிலிருந்து தொடங்கினார். அப்பாலிருந்து வாளியில் டீ வந்தது. இப்பாலிருந்து சுண்டல் போனது. கடைசியில் தலைவரின் மனைவி பொறுமையிழந்தார்.

“ஏங்க, புள்ளையார நிக்க வெச்சுட்டு நாம எப்பிடிச் சாப்புடுறது? இடிங்க.”

முதல் கடப்பாரையைத் தலைவரே போட்டார். செங்கல் குவியல் மீது பிள்ளையார் குலுங்கிக் குலுங்கிக் கடந்தார்.

பிறகு பல ஆண்டுகள் என் மனைவி தன் காலாலேயே அந்த வழியாக மருத்துவமனைக்குப் போய்வந்தாள். திரும்பும்போதெல்லாம் மாமாவைச் சீண்டுவாள்: “போன வழியேதான் வர்றேன் மாமா. கோச்சுக்காதீங்க.”

அவளுக்கு எரியூட்டிய அன்று மற்றவர்கள் வழக்கப்படி வேறு வீதி வழியாகத் திரும்பினார்கள். என் கால்கள் மட்டும் அவளைக் கொண்டு சென்ற வழியையே பிடித்தன. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்.