சாப்பாட்டு மேஜையில் இரண்டாவது ஆள்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். தினமும் சாயங்காலம் என் சாப்பாட்டு மேஜையில் ஓர் ஆண்பிள்ளை வந்து உட்காருவதாக உன் மனைவி உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிறாளாம். அது ஆண்பிள்ளை இல்லை. உன் அப்பாவின் முழுக்கைச் சட்டை.

நீ அனுப்பிய எலக்ட்ரீஷியன் கேமரா வைத்த விளக்குகளைக் கூரையில் மாட்டியபோதே எனக்குச் சந்தேகம். "இது உங்களப் பாத்துக்கிட்டே இருக்கும்மா. ஆள் இருந்தா நல்லா எரியும், இல்லன்னா தானா மங்கிடும்" என்றார். "யாரைக் கேட்டுப் பாக்கும்?" என்றேன். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். முதுகு வளையாமல், முழங்கை மேஜையில் படாமல், அநாவசியமாக அசையாமல் உட்காரப் பழகியவள். சாப்பிட்டு முடித்துப் பேப்பரைப் பிரித்தால் உன் விளக்கு அங்கே ஆளே இல்லை என்று முடிவுகட்டி மங்குகிறது, கையை ஆட்டினால் எரிகிறது, தலையங்கத்தில் பாதி போவதற்குள் மறுபடி மங்குகிறது, இந்த வயசுல சொந்த வீட்டுல இருக்கேன் இருக்கேன்னு கூரையப் பாத்துக் கையாட்ட நான் என்ன ரயிலா அனுப்புறேன்? அதனால்தான் அப்பாவின் சட்டையை எதிர் நாற்காலியில் மாட்டி, மேலே அவர் தொப்பியையும் வைத்தேன். ஃபேன் காற்றில் சட்டைக் கைகள் ஆடுகின்றன, விளக்கு மங்குவதே இல்லை. உயிரோடு இருந்தபோதுகூட அவர் எனக்கு இவ்வளவு உபயோகமாக இருந்ததில்லை.

அந்த விளக்கு உன் போனில் "இரண்டு பேர்" என்று கோள் சொல்லியிருக்கிறது. உடனே உன் மனைவி, "அத்தை, கூட யாரு உக்காந்திருக்காங்க?" என்றாள். "உன் மாமனார்தான்" என்றேன். அவர் போய்ப் பத்து வருஷமாகிறது என்பதால் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதற்காக இந்த வீட்டைப் பூட்டி என்னை உன்னோடு கூட்டிப்போக ஞாயிற்றுக்கிழமை வருகிறாயாமே! எனக்குப் புத்தி பிசகவில்லை. நான் வரப்போவதும் இல்லை. நீ வருவதற்குப் பதில் இந்த விளக்குகளைக் கழற்ற ஆள் அனுப்பு.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். நிமிர்ந்து உட்காரச் சொல். உங்கள் வீட்டிலும் இதே விளக்கு என்றால் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: கழற்ற ஆள் அனுப்ப வேண்டாம். யோசித்துப் பார்த்தேன். மாடிவீட்டு ஓய்வுபெற்ற பல் டாக்டர் தினமும் சாயங்காலம் செஸ் ஆட வருகிறார். அந்த இரண்டு பேரில் அவர் சேர்த்தி இல்லை. அது நானும் சட்டையும். ஒரு காயை நகர்த்த அவர் அரைமணி நேரம் யோசிப்பார், இமைகூட ஆடாது. இத்தனை மாதத்தில் உன் விளக்கு அவரை ஒரு நாளும் ஆளாக எண்ணவில்லை. அவ்வளவு நாகரிகம் தெரிந்த விளக்கு இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு ஆட்சேபணை இருந்தால் போன் செய்யாதே. பதிலை எழுத்தில் அனுப்பு.