சீட்டுக்கு அடியில் விரதம்

இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப்போவதாக நாகலிங்கம் ரோஸ் பெல் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கேட்டவர்களிடம் சொன்னார். கேட்காதவர்களை நிறுத்திவைத்துச் சொன்னார். நாலு ஏக்கர் கரும்பு சொந்தமாக வைத்திருக்கிற மனிதர். போதாததற்கு, ஆலை துரை கழித்துப்போட்ட பழைய மோட்டார் கார் ஒன்றையும் போன வருஷம் வாங்கியவர். மோட்டார்க்காரர் எடுக்கும் காவடி சாதாரணக் காவடியாக இருக்க முடியுமா?

ஆனால் அதற்குப் பத்து நாள் விரதம் இருந்தாகவேண்டும். ரம் கிடையாது, கறி கிடையாது, மீன் கிடையாது. முதல் இரண்டையும் அவர் சமாளித்துவிடுவார். மீன் இல்லாத சோறுதான் அவருக்குத் தொண்டையில் இறங்காது. அதனால் கொடியேற்றத்துக்கு முந்தின நாளே, வெகு முன்யோசனையோடு, சீனர் கடையில் நாலு டப்பா சார்டின் மீன் வாங்கினார். மோட்டாரில் டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியில் பேட்டரிக்குப் பக்கத்துச் சந்தில் சொருகிவைத்தார். தின்பதற்கு அல்ல, சும்மா ஒரு மனத்தைரியத்துக்கு.

மூன்றாம் நாள் மனத்தைரியத்தில் ஒரு டப்பா குறைந்தது. எட்டாம் நாள் காலையில் இன்னொன்று. மோட்டார் நின்ற தகரக் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு, கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே வந்த வெளிச்சத்தில் விரலால் வழித்துத் தின்றார். தின்னும்போது ருசியாக இருந்தது. தின்று முடித்ததும் வெட்கமாக இருந்தது. காலி டப்பாவை இருந்த இடத்திலேயே ஒளித்து, வாயைக் கொப்பளித்து, திருநீற்றை வழக்கத்தைவிடப் பட்டையாகப் பூசிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி பஜனை முடித்து அங்கேயே படுத்தும்கொண்டார். முருகன் சந்நிதிப் பக்கம் மட்டும் தலை நிமிரவில்லை. வீட்டுப் பூனை ஒரு வாரமாகச் சமையலறையை விட்டுக் கொட்டகைக்குக் குடிபோயிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலை, கோயில் தர்மகர்த்தா ஐயாசாமியும் அவர் கூடவே வீட்டுக்கு வந்து மோட்டாரில் ஏறி உட்கார்ந்தார். கியூர்பிப் சந்தைக்குப் போய்க் காவடிகளுக்குப் பூ வாங்கவேண்டும். நாகலிங்கம் ஸ்டார்ட்டரை அழுத்தினார். ‘டிக்’ என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் ‘டிக்’.

“என்னப்பா, வண்டியும் விரதமா?” என்றார் ஐயாசாமி.

“ஈரம்ணே. இப்ப கிளம்பிடும்.”

முன்னால் கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். இருபது சுற்று. அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. வண்டி அசையவில்லை. தளர்ந்துபோய்த் திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தார்.

அவர் மனைவி பூங்காவனம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ஏங்க, ஆன்றியைக் கூப்பிடட்டுமா?”

“வேணாம், வேணாம். எனக்குத் தெரியாத வண்டியா?”

“கூப்பிட்டாச்சு. அதோ வர்றான்.”

ஆன்றி ரோஸ் பெல் முச்சந்தியில் மோட்டார் பழுது பார்ப்பவன். துரையிடமிருந்து இந்த வண்டியைப் பேசி வாங்கித் தந்தவனும் அவன்தான். எங்கே தண்ணீர் ஊற்றுவது, எங்கே எண்ணெய் விடுவது, விளக்கை எப்போது அணைப்பது, பிரேக்கை எப்படி மிதிப்பது என்று அன்றைக்கு அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தான். நாகலிங்கம் வண்டியில் சாய்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பூங்காவனம்தான் கேட்டுக்கொண்டாள்.

“கி மான்யே, முசே?”, அதாவது சௌக்கியமா ஐயா, என்று நலம் விசாரித்துக்கொண்டே ஆன்றி வந்தான். அதன்பிறகு அவன் அந்த ஊர்க் கிரியோல் மொழியில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி:

“ஹாரன் அடிங்க.”

ஹாரன் லேசாக முனகியது. சீட்டுக்கு முன்னால் காலடியில் படுத்திருந்த பூனை நிமிர்ந்து பார்த்தது.

“லாம்ப் போடுங்க.”

சுருட்டு நுனி போலச் சிவந்து அணைந்தது.

“ஸ்டார்ட்டர், ஹாரன், லாம்ப் மூணும் ஒரே நேரத்துல கெடாது, முசே. மூணுக்கும் தண்ணி வர்ற கிணறு ஒண்ணுதான். அது வத்திப்போச்சு. பேட்டரியைப் பாக்கணும். சீட்டை விட்டு எந்திரிங்க.”

நாகலிங்கம் சீட்டில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

“பேட்டரியா? சேச்சே! பிளக்கைக் கழட்டிப் பாரு.”

பார்த்தான். “நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப எலி வயரைக் கடிச்சிருக்கும்.”

“பூனை ஒரு வாரமா இங்கேயேதான் கிடக்கு. எலி எங்கேருந்து வரும்?” என்றாள் பூங்காவனம்.

“டைனமோ?”

“அது வண்டி ஓடினாத்தான் ஓடும், முசே.”

“அப்படின்னா திருஷ்டி! ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப்போட்டா...”

“பழம் நான் கொண்டாறேன். நீங்க முதல்ல எந்திரிங்க,” என்றாள் பூங்காவனம்.

நாகலிங்கம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “விரதக்காரன் உக்காந்த இடத்தை விட்டுச் சட்டுனு எந்திரிக்கக் கூடாது!”

“அப்படி ஒரு விதியா?” ஐயாசாமி தாடையைச் சொறிந்தார். “முப்பது வருஷமா கோயில்ல இருக்கேன், நான் கேட்டதில்லையே.”

பூங்காவனம் இடுப்பில் கையை வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். அவ்வளவுதான். நாகலிங்கம் எழுந்தார். எழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். தர்மகர்த்தா பார்க்கப்போகிறார். அவர் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. நாளை முதல் தன் பெயர் நாகலிங்கம் இல்லை, சார்டின் நாகலிங்கம். பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் அதுதான் நிற்கும்.

சீட்டைத் தூக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஐயாசாமியின் குரல்.

“ஆகா! இதைப் பாரேன்!”

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். டப்பாக்களைக் காணோம். காலியும் இல்லை, முழுசும் இல்லை. பேட்டரிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு வெற்றிலைமேல், திருநீற்றுப் பொட்டலமும் ஒரு கட்டிக் கற்பூரமும் இருந்தன.

“வண்டிக்குள்ளேயே முருகனை வச்சிருக்காரே!” ஐயாசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சும்மாவா எந்திரிக்க மாட்டேன்னார்!”

நாகலிங்கம் மற்றொரு கண்ணையும் திறந்து பூங்காவனத்தைப் பார்த்தார். தப்பித்தோம் என்ற நிம்மதி பாதி. டப்பாவை எடுத்தது யார் என்று தெரிந்த பயம் மீதி.

ஆன்றி பேட்டரியைத் தட்டிப் பார்த்தான். “பேட்டரியில பழுதில்லை. ராத்திரி பூரா லாம்ப் எரிஞ்சிருக்கு. யார் போட்டது?”

முழங்கால் பட்டிருக்குமோ? அவசரத்தில் கை பட்டிருக்குமோ? குற்றமுள்ள நெஞ்சுக்கு எந்தக் குற்றமும் பொருத்தமாகத்தான் இருக்கும். “நான்தான்,” என்றார் நாகலிங்கம். “நேத்துக் காலையில இங்கே உக்காந்து... ஜபம் பண்ணினேன். அணைக்க மறந்துட்டேன்.”

ஐயாசாமி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நாகலிங்கத்துக்கு அந்தக் கும்பிடு அறை வாங்கியதைவிட வலித்தது. ஐயாசாமி ரயிலில் கியூர்பிப்புக்குப் போனார். நாளைக் காலையில் மின்சாரம் ஏற்றித் தருவதாகச் சொல்லி ஆன்றி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனான்.

கொட்டகையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். நாகலிங்கம் மோட்டாரின் படியில் உட்கார்ந்தார்.

“சொல்லுங்க,” என்றாள் பூங்காவனம். “நாளைக்குக் காவடியைத் தோள்ல வைப்பீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எப்படிம்மா வைப்பேன்? நான் ஒரு கேடுகெட்டவன். ஒரு டப்பா மீனுக்கு...”

“ரெண்டு.”

“ரெண்டு டப்பா மீனுக்கு முருகனை ஏமாத்தினேன். உன்னை ஏமாத்தினேன். ஐயாசாமி கும்பிடுறார், எனக்கு உடம்பு கூசுது.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீ மூணாம் நாளே கேட்டிருக்கலாமே!”

“கேட்டா என்ன செய்வீங்க? முருகன்மேல சத்தியம் பண்ணுவீங்க. அது மீனைவிடப் பெரிய பாவம்.”

உண்மைதான். பண்ணியிருப்பார். கற்பூரத்தை அணைத்தே பண்ணியிருப்பார்.

“காவடியை நான் எடுக்கிறேன். ஒன்பது நாள் சுத்தமா இருந்திருக்கேன். கொடுப்பினை இல்லைன்னு நீங்களே போய் ஐயாசாமி அண்ணன்கிட்ட சொல்லுங்க. காரணத்தையும் நீங்களே சொல்லுங்க, இல்லாட்டி சொல்லாதீங்க. நாளைக்கு வெயில்ல நடக்கிறவங்களுக்கு வண்டியில தண்ணிப் பீப்பாய் ஏத்திக்கிட்டு எங்க பின்னாலேயே வாங்க.”

“வர்றேன்.”

“மிச்ச ரெண்டு டப்பாவும் பூனைக்கு.”

“சரி.” நாகலிங்கம் மூக்கை உறிஞ்சினார். பாரம் பாதி இறங்கியதும் பழைய புத்தி மெல்ல எட்டிப் பார்த்தது. பெருமூச்சு விட்டார். “அந்த லாம்பை மட்டும் நான் மறக்காம அணைச்சிருந்தேன்னா, இந்த மானக்கேடே வந்திருக்காது, இல்லையா?”

பூங்காவனம் காவடி மூங்கிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

“நீங்க எங்க லாம்ப் போட்டீங்க? இருட்டுலதானே தின்னீங்க. அந்தச் சீட்டைத் தூக்க வைக்கணும்னு, நேத்து நீங்க கோயிலுக்குக் கிளம்பினதும் போட்டு, இன்னிக்கு விடிஞ்சதும் அணைச்சவ நான்.”