எந்த எறும்பு?

எண்பதுகளில் தருமபுரிப் பக்கம் ரத்தம் கொடுக்காமல் தப்பித்தவர்கள் இரண்டே ரகம். ஒன்று, கட்டெறும்பு மேடத்தின் கண்ணில் படாதவர்கள். இரண்டு, உடம்பில் ரத்தமே இல்லாதவர்கள். அந்த இரண்டாவது ரகத்தையும் அவர் லேசில் விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. "எதுக்கும் ஒரு தடவ பாத்துருவம், கைய நீட்டுங்க" என்றிருப்பார்.

நான் அப்போது தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட், கிளார்க், வருகைப் பதிவேட்டுக்குக் காவல்காரன், எல்லாம். மாரண்டஹள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். ஊசி என்றால் எனக்குத் தலை சுற்றும். பிறகு ஏன் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாய் என்று கேட்காதீர்கள். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனை யார் குத்தப்போகிறார்கள் என்று நம்பிப் போனேன்.

மேடம் அங்கே லேப் டெக்னீஷியன். முப்பது வயது இருக்கும். நல்ல கறுப்பு, நாலே முக்கால் அடி உயரம், நிற்காத நடை. இதையெல்லாம் வைத்துத்தான் கட்டெறும்பு என்ற பெயர் வந்தது என்று நினைத்தால் தப்பு. அந்தப் பெயர் அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் இருந்த தீப்பெட்டியால் வந்தது.

ரத்தம் எடுக்கும்போது எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே வசனம்தான் சொல்வார்கள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." மேடமும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு தக்காளித் தோட்டக்காரர் கையை நீட்டிவிட்டு, "எந்த எறும்புங்க?" என்று கேட்டிருக்கிறார்.

பதில் தெரியாத கேள்வியை மேடத்தால் சும்மா விட முடியாது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தீப்பெட்டியில் எறும்பு பிடிக்க ஆரம்பித்துவிட்டார். சித்தெறும்பு, செவ்வெறும்பு, கட்டெறும்பு என்று வரிசையாகத் தன் கையில் கடிக்கவிட்டு, அதன் பக்கத்திலேயே ஊசியையும் குத்திப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து முடிவை அறிவித்தார்: சித்தெறும்பு என்றால் பொய், கட்டெறும்பு என்றால் பயமுறுத்தல். ஆகவே இனிமேல் அந்த வசனத்தை யாரும் சொல்லக் கூடாது.

அவருடைய புது வசனம் இது: "வலிக்கும். அஞ்சு எண்ணுங்க, போயிரும்."

எண்ணிப் பார்த்தால் சரியாக ஐந்தில் போய்விடும். அதுதான் ஆச்சரியம்.

ரத்தம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் தீப்பெட்டிக்குள் விரலை விட்டாக வேண்டும். "வலின்னா என்னான்னு தெரியாதவங்க கையில ஊசியக் குடுக்க மாட்டேன்" என்பார். இப்படித்தான் பெயர் வந்தது. அவர் காதுக்கு எட்டாமல் முதுகுக்குப் பின்னால் சொல்லுவோம். எட்டவில்லை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

மேடத்தின் வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம். இவர் இங்கே, அவர் அங்கே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேடம் பஸ் பிடித்துப் போய் வருவார். அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் இவருக்கு இடமும் காத்திருந்தது. ஆனால் எங்கள் பெரிய டாக்டர் விடவில்லை.

"சேலத்துலருந்து ஒரு டெக்னீஷியன் வர்றதா இருக்கறாரு. ஆனா அவரு லேப்ப வுட்டு எந்திரிக்க மாட்டாராம். வார்டு வார்டாப் போயி ரத்தம் எடுக்கறதுக்கு நம்ம ஆள்ல யாரையாவது தயார் பண்ணுங்க. அன்னிக்கே உங்கள ரிலீவ் பண்றேன்" என்றுவிட்டார்.

பயிற்சிக்கு மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் எறும்பைப் பார்த்ததும் போனவர் திரும்பவில்லை. இன்னொருவருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்துவிட்டது. "நான் போக வேண்டிய ஊருக்கு எனக்கு முன்னாடி போறான் பாருங்க" என்று மேடம் என்னிடம் வந்து பொருமினார். மிச்சம் இருந்தது ஆரோக்கியம் ஒருத்திதான்.

ஆரோக்கியத்துக்கு நாற்பது வயது. பத்து வருஷமாக வார்டு துடைத்துக்கொண்டிருந்தவள். எட்டாவது வரை படித்திருந்தாள். துடைப்பம் பிடித்தால் கை மலை மாதிரி நிற்கும், ஊசி பிடித்தால் பஸ் ஜன்னல் மாதிரி ஆடும். இதில் தேறிவிட்டால் துடைப்பத்தை ஒரேயடியாகக் கீழே வைத்துவிடலாம். இல்லாவிட்டால் அவள் வாளிக்கே திரும்ப வேண்டும், மேடத்துக்கும் ஓசூர் கிடையாது.

முதல் பயிற்சி ரப்பர் குழாயில். அதற்குள் சிவப்பு மசி ஊற்றி, துணியைச் சுற்றிக் குத்திப் பழக வேண்டும். மசி எங்கே இருக்கிறது? என் மேசையில்.

"கிளார்க் சார், செவப்பு இங்க் இருக்குதுங்களா?" என்று மேடம் வந்து நிற்பார்.

பத்து நாளில் என் புட்டி காலி. சிவப்பு மசி இல்லாமல் வருகைப் பதிவேட்டில் லேட் மார்க் போட முடியவில்லை. ஆஸ்பத்திரியே மேடத்தை வாழ்த்தியது. பதினோராவது நாள் காலிப் புட்டியைக் காட்டலாம் என்று கையை நீட்டினேன். மேடம் புட்டியைப் பார்க்கவில்லை.

"சார்! இவ்வளவு அருமையான நரம்ப வச்சிக்கிட்டா டைப் அடிச்சிட்டு இருக்கறீங்க?"

நான் ஏதோ நாட்டுக்குத் துரோகம் செய்துகொண்டிருந்த மாதிரி இருந்தது அவர் குரல். மறுநாளிலிருந்து வாரம் ஒருமுறை என் கை ஆரோக்கியத்தின் பாடப் புத்தகம். அவள் "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொள்வாள், நான் "முருகா" என்று கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டு சாமிகளும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறார்கள். இரண்டு முறை மயங்கி விழுந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குத்துவதைவிடப் பெரிய ரோதனை ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆரோக்கியம் என் பெயரைக் கேட்டாக வேண்டும்.

"ஆரோக்கியம், பத்து வருசமா என்னத் தெரியுமே உனக்கு!"

"தெரியுங்க சார். சொல்லுங்க, பேரு என்னாங்க? அப்பா பேரு என்னாங்க?"

ஒருநாள் சலித்துப்போய், "நீங்க பாலகிருஷ்ணன் தானே?" என்று கேட்டுவிட்டாள். உடனே மேடத்தின் தீப்பெட்டி வெளியே வந்தது.

"'தானே' போட்டுக் கேக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? நம்ம ஜனங்க ஆஸ்பத்திரிக்குள்ள வந்துட்டாவே எதக் கேட்டாலும் 'ஆமாங்க'ம்பாங்க. நீ நேரு தானேன்னு கேட்டாலும் ஆமாங்கம்பாங்க. பேர அவங்க வாயால சொல்ல வைக்கணும். அப்பறந்தான் ஊசி. எடுத்ததும் கட்டில் பக்கத்துலயே பாட்டில்ல பேர எழுதி ஒட்டணும். பேர் ஒட்டாம ஒரு சாமான் என் கையவுட்டுப் போவாது."

ஆரோக்கியம் மறுபேச்சுப் பேசாமல் விரலை நீட்டினாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை.

மூன்று மாதம் கழித்து டெஸ்ட். பெரிய டாக்டரே நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. ஓசூரில் வீடு பார்த்து வைத்தாயிற்று என்று மேடம் என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். ரிசல்ட் டைப் செய்ய வேண்டிய படிவத்தோடு நானும் போனேன். பெண்கள் வார்டு, ஏழாம் கட்டில். கட்டில் காலில் கேஸ் சீட்டு தொங்கியது: மாதம்மாள், க/பெ. சின்னசாமி. மறுநாள் காலையில் பெரிய ஆபரேஷன். எந்த குரூப் என்று பார்த்து ரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

டாக்டர் அவசரத்தில் இருந்தார். "மாதம்மா தானே? ம், எடும்மா."

மேடத்தின் கை கோட்டுப் பைக்குப் போனதை நான் பார்த்தேன். நல்லவேளை, அங்கேயே நின்றுவிட்டது.

ஆரோக்கியம் ரப்பர் குழாயைக் கட்டில்காரம்மாவின் கையில் கட்டினாள். "உங்க பேரு என்னாங்க?"

"மாதம்மா."

"வூட்டுக்காரரு பேரு?"

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கம் அப்போது பெண்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள்.

"அதான் சீட்டுல சின்னசாமின்னு போட்டிருக்குதே. படிச்சுக் காட்டு, ஆமான்னுட்டுப் போறாங்க" என்றார் டாக்டர்.

"படிச்சுக் காட்டக் கூடாதுங்க டாக்டர். அவங்களாத்தான் சொல்லோணும்" என்று ஆரோக்கியம் கட்டின குழாயை அவிழ்த்தாள். கை ஆடவில்லை. குரல்தான் ஆடியது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். "பரவால்ல, எடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓசூர் பஸ் கிளம்பிவிடும். அவர் சொல்லவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி அசையாமல் நின்றார்.

"வாயால சொல்ல வேணாங்க, ஜாடையாச் சொல்லுங்க" என்றாள் ஆரோக்கியம்.

"காவடி எடுக்கறமில்ல... அந்தச் சாமி பேருங்க."

வார்டே எழுந்து உட்கார்ந்தது. "முருகனா?" "இல்லீங்க." "வேலு?" "இல்லீங்க." "பழனி?" "சுப்பிரமணி?" காலில் கட்டுப் போட்டிருந்த அம்மா "கந்தனா?" என்று கத்தினார். கடைசியில் மூலையிலிருந்து ஒரு குரல்: "ஆறுமுகமா?"

மாதம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வார்டே கை தட்டியது. ஆரோக்கியம் மட்டும் தட்டவில்லை. கேஸ் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப சின்னசாமி யாருங்க?"

எதிர் வரிசையில் பதினாலாம் கட்டிலிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது. "அவரு இந்தம்மா வூட்டுக்காரருங்க" என்று பக்கத்துக் கட்டில்காரம்மா அந்தக் கைக்காக எடுத்துச் சொன்னார். கையைத் தூக்கியது இன்னொரு மாதம்மாள்.

விஷயம் இதுதான். ஏழாம் கட்டிலில் தலைமாடு வடக்கே. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வடக்கே தலை வைத்துப் படுத்தால் விளங்குமா என்று சின்னசாமி சம்சாரத்துக்குப் பயம். ஆறுமுகம் சம்சாரத்துக்கு வெறும் காய்ச்சல்தான். "பேரு ஒண்ணுதானக்கா, கட்டில் மாறுனா என்னா?" என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு மாறிவிட்டார்கள். கேஸ் சீட்டுகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆளை மாற்றி எடுத்த ரத்தத்தைப் பார்த்து ஆபரேஷன் மேசையில் என்ன ஏற்றியிருப்பார்கள் என்று எனக்கே புரிந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

ஆரோக்கியம் பதினாலாம் கட்டிலுக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள். "வலிக்கும். அஞ்சு எண்ணுங்க, போயிரும்" என்றாள். அந்த மாதம்மாள் எல்லைப்பக்கத்து ஊர்க்காரர். "ஒந்து, எரடு, மூரு" என்று கன்னடத்தில் எண்ணினார். நாலு வருவதற்குள் சிரிஞ்சில் ரத்தம் ஏறியிருந்தது. பாட்டிலில் பெயரும் ஒட்டியாயிற்று.

"இத டெஸ்ட்டுன்னு எடுத்துக்கலாமா?" என்றார் டாக்டர், பழைய அதிகாரம் இல்லாமல்.

"இது எதுக்குங்க டாக்டர்? அவங்க அந்தக் கட்டில்லயே பாஸாயிட்டாங்க" என்றார் மேடம். "ரத்தம் எடுக்கறத யாருக்கு வேணாலும் சொல்லிக் குடுத்துரலாங்க. நீங்க பக்கத்துல நின்னு எடுன்னு சொல்றப்ப எடுக்காம நிக்கறதுக்குத்தான் எனக்கு மூணு மாசம் ஆச்சு."

நான் படிவத்தில் டைப் செய்தேன்: "ஏழாம் கட்டில் நோயாளியிடம் ரத்தம் எடுக்கவில்லை. எனவே தேர்ச்சி." டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். என் வேலைக்காலத்தில் நான் அடித்த எத்தனையோ ஆயிரம் வரிகளில் எனக்குப் பிடித்த வரி அதுதான்.

அந்த வாரமே மேடம் ஓசூர் கிளம்பினார். கிளம்பும் அன்று நான் பேங்க் வேலையாக வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் மேசையில் ஒரு புதுச் சிவப்பு மசிப் புட்டியும், பக்கத்தில் அந்தத் தீப்பெட்டியும் இருந்தன. தீப்பெட்டி மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அவருடைய குண்டு கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தது: "கட்டெறும்பு."

பயந்துகொண்டே திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் சுருக்கென்று இருந்தது. மேடம் சொல்லிக்கொடுத்தபடி ஐந்து எண்ணினேன். போகவில்லை.