எந்த வாய்க்கால் என்று கேட்ட கிரேக்கர்

நன்னிலம் வட்டாரத்தில் ஒன்றுக்கும் உதவாதவர்கள் பலர் உண்டு. அவர்களில் முதலிடம் கிரேக்கருக்குத்தான். தொழில், பத்திரம் எழுதுவது. அவர் கடையில் நான் கணினியில் தட்டச்சு செய்தேன். அதாவது, அவர் கெடுத்த வேலைகளை முடித்துக் கொடுத்தேன்.

கைபேசியைப் பார்த்துப் பழைய கிரேக்க மொழி படித்தார்; ஊர் வைத்த பட்டப்பெயர் அதனால் வந்ததுதான். எதற்கென்று தெய்வத்துக்கே வெளிச்சம். அதையும் உருப்படியாகப் படிக்கவில்லை. சுட்டுப்பெயர்களிலேயே வண்டி நின்றுவிட்டது.

"நமக்கு இது, அதுன்னு ரெண்டுதான். அவங்களுக்கு மூணுய்யா! என் பக்கத்துல இருக்கறவன் ஹோதெ. உன் பக்கத்துல இருக்கறவன் ஹூட்டோஸ். ரெண்டு பேருக்கும் எட்டத்துல நிக்கறவன் எகேய்னோஸ். பழைய தமிழ்லயும் நடுவுல 'உவன்', 'உது' இருந்துச்சு. தொலைச்சுட்டோம்."

நான்தான் தொலைத்தது போல முறைப்பார்.

டீக்கடையில் மாஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வடைத் தட்டைக் காட்டி, "தூட்டோ ஒண்ணு" என்பார். அஃறிணைக்கு ஹூட்டோஸ் அப்படி மாறுமாம்.

"அதெல்லாம் இங்க போடறதில்ல சார். மெதுவடைதான் இருக்கு."

அதைத்தான் கேட்டேன் என்று இவர் விளக்கி முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும்.

ஒருநாள் அண்ணனும் தங்கையும் பாகப்பிரிவினைக்கு வந்தார்கள். "அந்த வாய்க்கால் வரைக்கும் தங்கச்சிக்கு" என்றார் அண்ணன். தங்கை தலையாட்டினாள். ஐந்து நிமிடத்தில் அடித்துவிட்டேன். கிரேக்கர் தாளைப் பிடுங்கினார்.

"எந்த வாய்க்கால்?"

"அதாங்க, அந்த வாய்க்கால்."

"கிட்டத்துல இருக்கறதா, எட்டத்துல இருக்கறதா?"

உச்சிவெயிலில் எங்களை வயலுக்கே இழுத்துப் போனார் மனிதர். வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

வரப்பில் நின்று, "நீங்க காட்டுங்கம்மா" என்றார். தங்கை, மூங்கில் புதருக்கு அப்பால் ஓடிய வாய்க்காலைக் காட்டினாள். அண்ணன் காட்டியது அவள் காலடியில் ஓடியதை. இரண்டுக்கும் நடுவே பாதி வயல் கதிர் விட்டு நின்றது.

"அப்பா சொன்னது அதுவரைக்கும்தானேண்ணே?" என்றாள்.

அண்ணன் நீட்டிய கையை இறக்கினார். "ஆமா. அப்படியே எழுதிக்குங்க."

"எகேய்னோ! எட்டத்துல இருக்கறது!" என்று கத்திய கிரேக்கர், வரப்பு வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். தூக்கிவிட்டவன் நான். என் பத்திரம் பதிவாகியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று நினைத்து, திட்டுவதை மறந்துவிட்டேன்.

இப்போது அவர் துபாயில் மகளோடு இருக்கிறார். கடை என்னுடையது. அவர் நாற்காலியில் யாராவது உட்காரப் போனால், "கால் ஆடுதுங்க" என்று ஸ்டூலை எடுத்துப் போடுகிறேன். அந்தக் காலைச் சரிசெய்து ஒரு வருடமாகிறது.