இரண்டு முறை கேட்ட மன்னிப்பு

என் அன்புக்கும் ஆசிக்கும் உரிய மூத்த மருமகளுக்கு, உன் ஒரே தாய்மாமனும் இந்தக் கடைவீதியின் முதல் கலர் ஸ்டுடியோவுக்கு உரிமையாளருமான நான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் நலம். அத்தை தான் நலமில்லை என்பாள், நம்பாதே. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இது இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். உன் தம்பி போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்றே, "பாருங்கள், சபையின் தலைமைக் குருவே ஒரு நாள் இவன் முன்னால் கைகூப்பி நிற்பார்" என்று சொன்னவன் நான். யாரிடம் சொன்னீர்கள் என்று அத்தை கேட்கிறாள். சொன்னது நினைவிருக்கிறது, கேட்ட ஆள்தான் நினைவில்லை. எட்டாம் வகுப்பில் நிறுத்திக்கொண்டவன்தான் நான், ஆனால் நின்றது கால்தான், மூளை பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது என்பது உனக்கே தெரியும்.

உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டிவிட்டு நானும் படித்தேன். உனக்கு ஷிப்ட் வேலை ஆகிவிட்டது, பேரனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை, அதே சபை நடத்தும் பள்ளி விடுதியில் சேர்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார், மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போட வேண்டும். "பெரியவரே எறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுட்டாரு, இன்னும் என்னத்தப் புடிச்சுத் தொங்கிட்டிருக்கீங்க" என்கிறாராம் மாப்பிள்ளை. உனக்கோ, அவர்கள் விடுதியில் தம்பிக்குச் சின்ன வயதில் நடந்தது நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, கையெழுத்துப் போடக் கை வரவில்லை. "நீங்க அந்த ரூம்லயே இருந்தீங்க மாமா. அந்த மன்னிப்பு போதுமா, போதாதா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அதன்படியே செய்றேன்" என்று எழுதியிருக்கிறாய். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். அந்த அறையில் நான் இருந்தேன் என்பது மட்டுமல்ல, நான் இல்லாவிட்டால் அந்த மன்னிப்பே நடந்திருக்காது என்று சொல்கிறவர்களும் உண்டு. சொல்கிறவர் இப்போதைக்கு ஒருவர்தான், அது நான்.

உலகம் சுற்றிய போட்டோகிராஃபர்கள் வரிசையில் நிற்க, சபையின் செயலாளர் என்னைத் தேடி ஸ்டுடியோவுக்கே வந்தார். என் கடை அவர்கள் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருக்கும் மெலிந்த மனிதர் அவர். "படம் நம்ம மாத இதழ் அட்டையில வரும். பெரியவர் முகத்துல வருத்தம் தெரியணும். ஆனா ரொம்பத் தெரிய வேண்டாம்" என்றார். "எவ்வளவு சார் தெரியணும்?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "ஒரு மிதமா" என்றார். மிதமான வருத்தத்துக்கு ஒரு குடை விளக்கு போதும், ஆழ்ந்த வருத்தத்துக்கு இரண்டு வேண்டும், நான் எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அறை அருமையான அறை. ஒரு சுவரில் முந்தைய தலைமைக் குருக்கள் எல்லோரும் சட்டத்துக்குள் வரிசையாகத் தொங்குகிறார்கள், ஒரு படத்துக்குக்கூட வெளிச்சம் சரியில்லை. உன் தம்பி எங்கேயோ ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தான். விரலில் கிரீஸ் கறை, மடியில் கருவிப் பை. "நல்ல சட்டையா ஒண்ணு போட்டுட்டு வரக்கூடாதா மாப்ளே, அட்டைப்படம்டா" என்றேன். "படம் உங்க சோலி மாமா. எனக்கு ஒரு கேள்வி இருக்கு, கேட்டுட்டுக் கெளம்பிடுவேன்" என்றான். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தான், நன்றாகச் சாய்ந்து உட்கார் என்று சொன்னதற்குக் கேட்கவில்லை, சின்ன வயதிலிருந்தே போட்டோவுக்கு ஒத்துழைக்காத பிள்ளை.

தலைமைக் குரு வந்தார். என்ன தேஜஸ், என்ன நடை, முன்தலையில் ஒரு முடி கிடையாது, வெளிச்சம் விழுந்தால் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கிறது. எதிரில் நின்று ஒரு தாளைப் பிரித்தார். "எங்கள் நிழலில் தங்கியிருந்த பிஞ்சு உள்ளங்களுக்கு நேர்ந்திருக்கக்கூடிய வேதனைகளுக்காக" என்று படிக்கும்போது, 'பிஞ்சு' என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. எனக்குக் கண் நிறைந்து கேமராவே மங்கலாகிவிட்டது. "மன்னிப்புக் கோருகிறேன்" என்று சொல்லித் தலையைக் குனிந்தார். நான் அழுத்தினேன். அந்த அறையின் துயரத்தைத் தாங்க முடியாமல் ஃபிளாஷ் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. பேட்டரி மாற்றவில்லை என்று அத்தை சொல்வது வேறு கதை.

தொழில் என்று வந்துவிட்டால் எனக்கு ஆள் பெரியவரா சின்னவரா என்பதெல்லாம் கிடையாது. பேட்டரியை மாற்றிவிட்டு, "சாமி, இன்னொரு தடவ கேட்டுருங்க. இந்தத் தடவ குனியாதீங்க, மண்டை மட்டும்தான் விழுது" என்றேன். செயலாளர் முறைத்தார். பெரியவர் பெருந்தன்மைக்காரர், தாளை மறுபடி பிரித்து முதலிலிருந்து படித்தார். மருமகளே, இங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. அதே 'பிஞ்சு', அதே இடத்தில் அதே அளவுக்குக் குரல் உடைந்தது. கல்யாண வீடுகளில் எத்தனையோ பேரை இன்னொரு தடவை சிரிக்கச் சொல்லியிருக்கிறேன், ஒருவருக்கும் முதல் சிரிப்பு திரும்பி வந்ததில்லை. இவருக்கு அழுகை அப்படியே திரும்பி வந்துவிட்டது. அவ்வளவு ஆழமாகப் போன துக்கமா, அவ்வளவு நன்றாகப் பழகிய துக்கமா என்று எனக்கு இன்றைக்கு வரை பிடிபடவில்லை. உன் தம்பி என் பக்கம் சாய்ந்து, "மாமா, மூணாவது ஒண்ணு எடுங்க, அதே எழுத்துல ஒடையுதான்னு பாப்போம்" என்றான். நான் சிரிக்கவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது.

அப்புறம்தான் அவன் எழுந்து நின்று, "மன்னிப்பு இருக்கட்டும் சாமி. எங்க விடுதியப் பாத்துக்கிட்டவர் இப்ப எங்க இருக்காரு? பிள்ளைங்க இருக்கற எடத்துலயா?" என்று கேட்டான். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, ரிப்பேர் பார்க்கப் போன வீட்டில் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்பானே, அந்த மாதிரி கேட்டான்.

நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. பெரியவர் அந்தத் தாளை நாலாக மடித்து எறிந்தார். இறங்கி வந்து உன் தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவர எல்லாப் பொறுப்புலேருந்தும் எடுத்தாச்சு. நானே கூட்டிட்டுப் போயி போலீஸ்ல ஒப்படைச்சேன். இனி பிள்ளைங்க இருக்கற எந்த வாசல்லயும் அவர் கால் படாது" என்றார். வெளியே தெருவில் வண்டிச் சத்தம் நின்றுவிட்டது. செயலாளர் அழுத அழுகையில் மூன்று பேனாவும் கீழே விழுந்தன. உன் தம்பி முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு நான் ஒரு விளக்கை அணைக்க வேண்டியதாயிற்று. "சரி சாமி" என்றான். நான் எடுத்த படங்களிலேயே தலைசிறந்த படத்தை அந்த நிமிடத்தில் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் அப்படியே நடித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவ்வளவு சந்தோஷமா இருந்தவன் ஏன் இங்க வராம நேரா போயிட்டான்? ஒரு டீகூடக் குடிக்கல" என்றாள். சந்தோஷத்தில் தாகம் எடுக்காது என்று விளக்கினேன். ஒத்துக்கொள்கிற ஜாதகமா அது. சரி, மன்னிப்பைப் பற்றி அனுபவசாலி என்ற முறையில் அவளிடமே கருத்துக் கேட்கலாமென்று, "மன்னிப்புக் கேட்டா போதுமா, போதாதா, நீ சொல்லு" என்றேன். போன மாதம் என் படம் ஒன்றை மாட்ட அடுக்களைச் சுவரில் ஆணி அடித்தேன், உள்ளே போகிற தண்ணீர்க் குழாயில் ஓட்டை விழுந்து முழங்கால் வரைக்கும் பீய்ச்சி அடித்தது, நான் உடனே மனமாரக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கதையை எடுத்தாள். "அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? மன்னிச்சாச்சு, மொதல்ல தண்ணிய யாரு நிறுத்தறதுன்னு கேட்டேனா இல்லையா?" என்றாள். கேட்டாள், வாஸ்தவம். நான் அப்போது ஆணியைப் பிடுங்குவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன்.

அதிலிருந்து எனக்குத் தலை ஒரு நிலையில் இல்லை. இவ்வளவு பெரிய மனிதர் குனிந்திருக்கிறார், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் சட்டத்துக்குள்ளிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை, அந்த வகையில் போதும். ஆனால் செய்தது இவர் இல்லை, இன்னொருவர், செய்தவர் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அந்த வகையில் போதாது. கேட்பது ஒருவர் வேலை என்றால், போதும் என்று சொல்வது யார் வேலை? உன் தம்பி வேலையா, என் வேலையா, மாப்பிள்ளை வேலையா? மாப்பிள்ளை அந்த அறையிலும் இல்லை, அந்த விடுதியிலும் இல்லை. நானும் விடுதியில் இல்லை. இப்படி யோசித்துக்கொண்டே ஒரு குழந்தையின் பிறந்தநாள் படத்தில் வேறு குழந்தையின் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டேன், அதற்கும் மன்னிப்புக் கேட்டேன், வேறு பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லிவிட்டார்கள்.

எப்படியும் என் தீர்ப்பு இதுதான். பெரியவர் பதில் சொல்லிவிட்டார், அந்த ஆள் பிள்ளைகள் பக்கமே இல்லை, ஆகவே போதும். தைரியமாகப் பேரனைச் சேர். மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல். உன் வீட்டில் விளக்கும் வயிறும் குறைவில்லாமல் நிறைந்திருக்க, பேரன் என்னளவுக்கு இல்லாவிட்டாலும் பாதியளவுக்காவது புத்திசாலியாக வளர வாழ்த்துகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
தாய்மாமன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். ஒட்டும்போது அத்தை, "ஆமா, அந்த ஆள எந்த ஊர் போலீஸ்ல ஒப்படைச்சாங்களாம்?" என்று சும்மாதான் கேட்டாள். சொல்ல வாயைத் திறந்தேன், எனக்குத் தெரியவில்லை. பெரியவர் சொன்ன பதில் என்று எழுதினேன் அல்லவா, அதை நான்தான் சொன்னேன். அத்தையிடம் நடித்துக் காட்டும்போது அந்த இடத்தில் ஒரு பதில் இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது, சொன்னேன், சொன்னதை நானே நம்பி உனக்கும் எழுதிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: உன் தம்பி கேட்டான். பெரியவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர், "அது நிர்வாக விஷயம்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க எடுங்க" என்றார். நான் எடுத்தேன். படத்தில் உன் தம்பி பேசிக்கொண்டிருக்கிறான், பார்க்கிறவர்களுக்கு அவன் ஏதோ மனம் ஆறிச் சொல்கிற மாதிரிதான் இருக்கும். அவன் தினமும் வேலை முடிந்து அந்த அலுவலகத்துக்குப் போய் அதையே கேட்கிறான், பெரியவர் வெளியூரில் இருப்பதாகச் சொல்கிறார்கள், எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர் கார் தெரிகிறது. செயலாளர் அந்தப் படத்தைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பினார். கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இந்தக் காலத்தில் யாரும் படம் கழுவுவதில்லை என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை. விடுமுறைக்கு வந்தபோது நான் எடுத்த பேரன் படத்தில் விண்ணப்பத்துக்கு ஆறு பிரதி போட்டு இந்த உறையிலேயே அனுப்பச் சொல்லியிருந்தாய். வைத்திருந்தேன். பிரித்தபோது அதை வெளியே எடுத்துவிட்டேன்.